புழுவைப் பார்க்காத குட்டிகள்

டங்கன் எழுந்தான். கெட்டிலைப் போட்டான். ரொட்டியை வாட்டி வைத்துவிட்டு வெளியே போய் நாய்களுக்குத் தீனி வைத்தான். திரும்பி வந்தபோது ரொட்டி விறைத்திருந்தது. நின்றபடியே தின்றான். மேசையில் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரங்கள் கழுவிக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. மனைவி மிரியாமா செத்துக் கோடையும் போய்விட்டது. ஒன்றையும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.

மதியம் லாரி வரும். பெட்டை ஆட்டுக்குட்டிகள் அத்தனையும் கறிக்குப் போகின்றன.

அது அவள் உருவாக்கிய ஆட்டு வர்க்கம். சவுத்லாந்து வட்டாரத்துப் பண்ணைகளில் எல்லோரும் மாதம் தவறாமல் குடற்புழு மருந்தை ஆட்டின் வாயில் பீய்ச்சிக்கொண்டிருக்க, அவள் மட்டும் பஞ்சோடு திரிந்தாள். குட்டியின் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சைச் செருகி, எச்சிலை ஒற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவாள். புல்லோடு உள்ளே போகும் புழுக்குஞ்சுகளை விரட்ட ஆட்டின் உடம்பே எதிர்ப்புப் பொருள் ஒன்றைச் சுரக்கும். எச்சிலில் அது கூடுதலாக இருக்கும் குட்டியை நிறுத்திக்கொள்வாள். மற்றதை விற்பாள். கல்யாணமான வருடத்திலிருந்து இதே வேலை.

இந்த முறை அவனே எச்சில் எடுத்து அனுப்பினான். நேற்று முடிவு வந்தது. ஒரு குட்டியிடமும் ஒன்றுமில்லை. அவள் பொறுக்கியதெல்லாம் வீண் என்று நினைத்தான். வருத்தம்கூட வரவில்லை. லாரிக்குச் சொல்லிவிட்டான்.

ஏற்றிவிட உதவ, பக்கத்துப் பண்ணை நெவில் வந்தார்.

"என்ன தம்பி, சவரத்தையே மறந்துட்டியா? குட்டிங்க மிரண்டுடப் போவுது."

"உங்களைப் பாத்தே பழகிடுச்சுங்க. மிரளாது."

நெவில் சிரித்தார். கேட்டில் சாய்ந்து குட்டிகளைப் பார்த்தார். சிரிப்பு போயிற்று.

"கொழுகொழுன்னு இருக்குதுங்களேப்பா. இதையா அனுப்புற?"

"எச்சில்ல ஒண்ணும் இல்ல."

"எச்சில் வைத்தியம்! நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன் அந்தப் பொண்ண. 'உங்க வாயத் திறங்க நெவில், ஒரு பஞ்ச விட்டுப் பாக்கறேன்'னா ஒருநாள், என் சம்சாரத்த வச்சுக்கிட்டே." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு, இதுங்க வயித்துல புழுவே கிடையாது. அதுக்கு நான் பொறுப்பு."

"எப்படிச் சொல்றீங்க?"

"அடக்கத்தன்னிக்குக் காலையில நாங்க மூணு பேர் வந்து ஒண்ணு விடாம மருந்து குடுத்தோமே. அப்புறம் பின்வயல்லேர்ந்து, நீ புதுசா புல் விதைச்ச வயலுக்குக் கொண்டாந்து விட்டோம். ஆடே மிதிக்காத நிலம் பாரு. மாசாமாசம் நான்தான் வந்து மருந்து குடுத்துட்டுப் போறேன். நீ சன்னல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்த."

பார்த்திருக்கலாம். டங்கனுக்கு நினைவில்லை. புழுவே உள்ளே போகாத குட்டியின் உடம்பு எதை விரட்டச் சுரக்கும்? எவ்வளவு நல்ல வர்க்கமானாலும் முடிவு இப்படித்தான் வரும். கல்லூரியில் முதல் வருடத்திலேயே படித்த விஷயம்.

அவன் போனை எடுத்து லாரி வேண்டாம் என்றான்.

"தப்பு பண்ணிட்டேனா?" என்றார் நெவில்.

"இல்ல. உங்க வீட்டுப் பாத்திரம் உள்ள இருக்கு. போறப்ப எடுத்துக்குங்க."

நாய்களை ஏவி, குட்டிகளைப் பின்வயலுக்கு ஓட்டினார்கள். கோடை முழுக்கத் தாயாடுகள் மேய்ந்து கழிந்த புல். புழுவுக்குக் குறைவில்லை.

"எல்லாம் மெலிஞ்சு போச்சுன்னா?"

"சிலது மெலியும். குளிர் இறுகறதுக்குள்ள மறுபடி எச்சில் எடுக்கறேன். அதுவரைக்கும் மருந்து வேணாம் நெவில்."

"உன் ஆடு, உன் இஷ்டம்."

டங்கன் கேட்டைச் சாத்திச் சங்கிலியை மாட்டினான். கை வலித்தது. இதே கேட்டருகே வண்டியை நிறுத்தித்தான் அன்று அவள் சன்னலை இறக்கினாள். போன ஊரிலேயே மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தாள். கடைசியாக என்னப்பா சொன்னாள் என்று மாமியார் அழுதபோது, "பத்திரமா இருன்னு சொன்னா" என்றிருந்தான். அவள் சொன்னது அதுவல்ல.

"பின்வயல் குட்டிங்களுக்கு யாரையும் மருந்து குடுக்க விடாத. பால் தீந்துபோச்சு, நான் வாங்கிட்டு வரேன்."