ஏழாம் குடித்தனம்

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி அந்த அறிவிப்பைப் படித்தாள். ஒரு கையில் பிரஷ், மறு கையில் போன். இரண்டாவது பத்தியில் பிரஷ் நின்றது. நான்காவது பத்தியில் நுரை முழங்கை வரை வழிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். குரல் வரவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள்.

அவள் கணவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். ஒரு காலில் மட்டும் ஷூவோடு வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். கேம் இன்ஜின் என்பது வாடகை அடுப்பு. சமையல் நம்முடையது, அடுப்பு கம்பெனியுடையது. இத்தனை வருஷமும் அடுப்புக்கு மட்டும் வாடகை. அடுத்த மாதத்திலிருந்து சாப்பிடுகிற ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கட்டணம். யாராவது கேமைத் தன் போனில் இறக்கினால் ஒரு கட்டணம். அழித்துவிட்டு அதே ஆள் திரும்ப இறக்கினால் திரும்பவும் கட்டணம்.

"அப்ப சாப்பிட்டவன் ஏப்பம் விட்டாலும் பில்லு வருமா?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். ஆனால் அவள் செய்த கேமில் அந்த ஏப்பம்தான், அழித்துவிட்டுத் திரும்ப இறக்குவதுதான், விளையாட்டே.

கேமின் பெயர் 'ஏழு குடித்தனம்'. அவளும் அவள் நாத்தனாரும் சேர்ந்து செய்தது. நாத்தனார் படம் வரைபவள், ஒல்லி, எந்நேரமும் கொண்டையில் ஒரு பென்சில். அதனால் அவள் பெயரே பென்சில் ஆகிவிட்டது. பென்சில் வாய்க்கு வாய் 'அண்ணி, அண்ணி' என்பதால் தெருவில் எல்லோருக்கும் இவள் அண்ணி.

கேமில் சண்டையில்லை, ஓட்டமில்லை. ஒரு வீடு. நீங்கள் அதில் குடியிருப்பவர். கிளம்பவேண்டிய நாள். சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கவேண்டும். கடைசியில் வீட்டுக்காரர் கதவருகே நின்று, "எதையாவது மறந்துட்டீங்களா, பாத்துக்கோங்க" என்பார். அப்போது ஒரே ஒரு பொருளை, அதோடு ஒரு குரலையோ சத்தத்தையோ பதிந்து, வீட்டில் விட்டுப்போகலாம். பிறகு கேமைப் போனிலிருந்து அழிக்கவேண்டும். நிஜமாகவே அழிக்கவேண்டும். திரும்ப இறக்கினால் அதே வீடு, அடுத்த குடித்தனம். நீங்கள் விட்டுப்போன பொருள் ஏதோ ஒரு மூலையில் உங்களுக்காகக் காத்திருக்கும். இப்படி ஏழு தடவை.

அழித்தால்தான் அழுத்தம் இருக்கும் என்று பென்சில் ஒற்றைக்காலில் நின்றாள். அந்த யோசனைதான் கேமை ஓடவைத்தது. அந்த யோசனைதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. கேம் இலவசம். நடுவில் வரும் சின்ன விளம்பரங்களில்தான் பிழைப்பு. ஒரு ஆளிடம் கிடைப்பதைவிட, அந்த ஆள் ஏழு தடவை இறக்குவதற்குக் கட்டவேண்டியது பல மடங்கு. விளையாடுகிறவர் பெருகப் பெருக அவர்கள் மூழ்குவார்கள்.

அலுவலகம் என்பது டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம். அண்ணி போய்ச் சேர்ந்தபோது பென்சில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களா அண்ணி? நாம உழைப்போமாம், அவன் ஓரமா நின்னு தலையை எண்ணிக்கிட்டே இருப்பானாம்."

அன்று பகல் முழுக்க உலகமே கொதித்தது. எங்கெங்கோ இருந்த கேம் செய்பவர்கள் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். சிலர் தங்கள் கேமில் அந்தக் கம்பெனி வழியாக வரும் விளம்பரத்தையே நிறுத்தினார்கள். பென்சில் ஒரு படம் வரைந்து போட்டாள்: அவர்களுடைய வீடு, வாசலில் கம்பெனிக்காரன், குடித்தனம் மாறும்போதெல்லாம் உண்டியலை நீட்டுகிறான். கீழே இரண்டு வரி விளக்கம். மத்தியானத்துக்குள் அந்தப் படம் எங்கே பார்த்தாலும் இருந்தது.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. படம் பார்த்தவர்களுக்கு மனம் இளகியது. பாவம், இவர்களுக்கு ஏதாவது செய்யவேண்டும். என்ன செய்யலாம்? கேமை இறக்கலாம். இறக்கினார்கள். ஆதரவு என்று எழுதிவிட்டு இறக்கினார்கள். பிடித்துப்போய் அழித்துவிட்டு மறுபடி இறக்கினார்கள். வேண்டுமென்றே வம்புக்காக இறக்கி அழித்து இறக்கியவர்களும் உண்டு. திரையின் மூலையில் எண்ணிக்கை மீட்டர் வட்டி மாதிரி ஏறியது. இவர்கள் ஏழு குடித்தனமும் முடிப்பதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும். ஒரு வாரம் முந்தி என்றால் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்திருப்பார்கள்.

"நான் வேணா அந்தப் படத்தை எடுத்துடட்டுமா?" என்றாள் பென்சில், குரல் இறங்கி.

"இனிமே எடுத்து என்னடி. ஊரே பார்சல் கட்டிட்டுப் போயாச்சு."

அடுத்து வந்த நாட்களில் அண்ணி எல்லாக் கதவையும் தட்டிப்பார்த்தாள். அழிக்கிற மாதிரி நடித்துவிட்டு உள்ளேயே அடுத்த குடித்தனத்துக்குப் போகவைக்கலாமா என்று கேட்டாள். பென்சில் யோசித்துவிட்டுச் சரி என்றாள். ஆனால் ஏற்கெனவே அழித்துவிட்டுக் காத்திருப்பவர்களை என்ன செய்வது? அவர்கள் திரும்பி வந்தால் ஒவ்வொருவருக்கும் கட்டணம் உண்டு. வேறொரு இன்ஜினுக்கு மாற்றலாம். அதற்குக் கேமை அஸ்திவாரத்திலிருந்து கட்டவேண்டும். மாதக்கணக்கில் வேலை.

கடைசியில் ஒரே வழி. கேமை ஆப் கடையிலிருந்து எடுத்துவிட்டு, கம்பெனியில் இருக்கும் கணக்கை மூடிவிட்டு, புது இன்ஜினில் கட்டி எழுப்பித் திரும்ப வருவது. போராட்டக்காரர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கை மூடுவோம், அவன் கல்லா ஆட்டம் காணட்டும். அண்ணிக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. அழிவதுதான் அழிகிறோம், கூட்டத்தோடு கத்திவிட்டு அழிவோமே.

வெள்ளிக்கிழமை காலை டயர் கடைக்காரர் மாடியேறி வந்தார். கேமை எடுக்கப்போகிறார்கள் என்று பென்சில் வாயிலிருந்து அவர் காதுக்குப் போயிருந்தது.

அவர் ஐம்பதைத் தாண்டியவர், கையில் எப்போதும் கிரீஸ். போனில் அவர் ஆடிய ஒரே விளையாட்டு 'ஏழு குடித்தனம்'தான். அதுவும் முதலில் மாடிக்காரர்களுக்கு மரியாதைக்காக. ஆறாவது குடித்தனத்தில் அவர் விட்டுப்போனது ஒரு தண்ணீர்க் கிண்ணம். அதோடு பதிந்தது அவருடைய நாயின் குரைப்பு. நாயின் பெயர் பஞ்சர். கடை வாசலில் பழைய டயருக்குள் சுருண்டு படுத்திருக்கும், கம்ப்ரசர் ஓடினால் மட்டும் எழுந்து குரைக்கும். பதிந்து சில வாரங்களில் பஞ்சர் செத்துப்போய்விட்டது. அவரிடம் அதன் போட்டோ இருக்கிறது, கழுத்துப் பட்டை இருக்கிறது. சத்தம் என்று ஒன்று அந்தக் கேமில் மட்டும்தான். அவர் இன்னும் ஏழாவது குடித்தனத்துக்குப் போகவில்லை. போனால் கேட்டுவிடுவோம், கேட்டால் முடிந்துவிடும் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப வரும்ல?"

"வரும்ண்ணே. கொஞ்ச மாசம் ஆகும். வேணும்னா இப்பவே ஒருதரம் இறக்கிக் கேட்டுடுங்களேன்."

"வேணாம்மா. ஏற்கெனவே இறக்குறவங்களால உங்களுக்கு நஷ்டம்னு பென்சில் பாப்பா சொல்லுச்சு. நானும் அதுல ஒருத்தனா?" படியிறங்கப்போனவர் திரும்பினார். "நம்ம பஞ்சர் பத்திரமா இருப்பான்ல?"

"பத்திரமா இருப்பான்" என்றாள் அண்ணி. மனசாரத்தான் சொன்னாள்.

வேலைகளை முடித்துவைத்திருந்தாள். எழுதிய நிரல் அத்தனையும் ஹார்டு டிஸ்கில். பென்சிலின் ஓவியங்கள், ஜன்னல் திரைகள், சுவரின் ஆணித் துளை வரை ஹார்டு டிஸ்கில். இசை, எழுத்து, எல்லாம். அதை இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கணவரின் பீரோவில் வைத்தாயிற்று.

"எல்லாம் எடுத்தாச்சா அண்ணி?"

"எடுத்தாச்சு."

நண்பகல். கணக்கை மூடும் பொத்தானை அழுத்தினாள். கம்பெனிக்காரன் லேசில் விடுவானா? உறுதியா என்று திரை கேட்டது. ஆம். இந்தக் கணக்கில் உள்ள அனைத்தும் நிரந்தரமாக நீக்கப்படும், மீட்க முடியாது. சரி. கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எரிச்சலோடு தட்டினாள். இதே கேள்வியைத் தன் கேமின் வீட்டுக்காரர் வாயில் வைத்தவளே அவள்தான். ஆடுகிறவர்கள் அதைப் படிக்காமல் தட்டித் தாண்டிப்போகிறார்கள் என்று எத்தனையோ முறை குறைப்பட்டிருக்கிறாள்.

திரை வெள்ளையானது. பென்சில் கைதட்டினாள். கீழே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பெனி பணிந்தது.

தலைமை அதிகாரி கேமரா முன் உட்கார்ந்து, கேட்டோம், கற்றோம், வருந்துகிறோம் என்றார். திரும்ப இறக்குவதற்குக் கட்டணம் கிடையாது. ஏற்கெனவே வெளிவந்த கேம்களுக்கு எதுவுமே கிடையாது. போராடியவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. வென்றோம் வென்றோம் என்று ஒரே கூத்து. எக்ஸ்ரே அறையிலிருந்து கணவர் போன் செய்து, ஏப்பத்துக்கு விலக்கு கிடைச்சிடுச்சாமே என்றார். இந்தத் தடவை அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

அதே கம்பெனியில் புதுக் கணக்கு திறந்தாள். கேமைத் திரும்பக் கடையில் ஏற்றினாள். மறுநாள் காலை அனுமதி வந்தது. பென்சில் அவசர அவசரமாகத் தன் போனில் இறக்கினாள். அவள் நான்காவது குடித்தனத்தில் இருந்தவள். மூன்றாவதில் ஒரு மண் குதிரையை விட்டிருந்தாள்.

"அண்ணி, இது முதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

"திரும்ப இறக்கு."

இறக்கினாள். வெறும் வீடு. வெறும் மூலைகள். முதல் குடித்தனம்.

அண்ணி போனை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

போனிலிருந்து அழித்தால் அதிலிருக்கும் எல்லாமே அழியும். அப்படியானால் விட்டுப்போன பொருட்கள் எங்கே இருக்கும்? வேறெங்கோ இருக்கவேண்டும். கேம் ஆரம்பித்த முதல் மாதத்தில், அவசரத்துக்கு, கம்பெனி கணக்கோடு இனாமாகக் கொடுத்த இணையக் கிடங்கில் அவற்றைப் போட்டுவைக்க ஒரு சின்ன நிரல் துண்டு எழுதினாள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் எழுதினாள். அது ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. அதனால் ஒருநாளும் அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டின் செங்கல் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தினாள். குடியிருந்தவர்களின் பொருள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினாள். போனும் செய்தாள். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் அன்பாகப் பேசினாள். கணக்கை மூடச் சொன்னது நீங்கள். உங்கள் வேண்டுகோளின்படியே நீக்கினோம். பயனாளர்களின் குரல் பதிவுகள் என்பதால் பிரதி வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தராது. வேறு ஏதாவது உதவி தேவையா?

திட்டுவதற்குக்கூட ஆளில்லை. போன வாரம் உலகமே சேர்ந்து திட்டியது. இப்போது எல்லோரும் சமாதானமாகி அவரவர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்.

"யார்கிட்டயும் சொல்லாம இருந்துடலாமா?" என்றாள் பென்சில். கொண்டையிலிருந்த பென்சிலை உருவிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தாள். "ஏதோ கோளாறுன்னு நினைச்சுப்பாங்க."

"லட்சம் பேர்டி. ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்கான் உள்ள." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "முதல்ல கீழ சொல்லிட்டு வரேன்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம்."

கேம் திரும்ப வந்துவிட்டதை இந்தத் தடவையும் பென்சில்தான் காலையிலேயே டயர் கடைக்காரரிடம் சொல்லியிருந்தாள், சந்தோஷத்தில், சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே. அண்ணி படியிறங்கிப் பாதி வரும்போதே கம்ப்ரசர் நின்றது. பஞ்சர் படுத்திருந்த அந்தப் பழைய டயரைக் கடைக்குள் இழுத்துப்போட்டு அவர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கையைத் துடைத்திருந்தார். கிரீஸ் இல்லாத அந்தக் கைகளை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

"வாம்மா. இனிமே கேக்காம வச்சிருந்து பிரயோஜனமில்லன்னு முடிவு பண்ணிட்டேன். போன வாரம் பயந்தே போயிட்டேன். இன்னிக்கே கேட்டுடலாம்."

போனில் வீடு திறந்திருந்தது. அவர் விரல் சமையலறைக்குப் போனது, மாடத்துக்குப் போனது, கதவுக்குப் பின்னால் தட்டியது. கிண்ணம் எங்குமில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை. சத்தத்தைக் கடைசி வரை கூட்டிவைத்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ரொம்ப மெல்லிசா இருக்கும்மா. உள் ரூம்ல எங்கயோ இருக்கான் போல."

வாசலில் ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் திரும்பாமலே கையை உயர்த்தி அடங்கச் சொன்னார். ஹாரன் அடங்கியது.

"அண்ணே" என்று ஆரம்பித்தாள் அண்ணி.

அவர் கண்ணை மூடிக்கொண்டே உதட்டில் விரலை வைத்தார்.