அப்பா சாய்ந்து நின்ற கார்

எங்கள் அலெக்சாந்திரியாவில் யார் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும் ஒரு கார் படம் இருக்கும். கார் அந்த வீட்டுக்காரருடையதாக இருக்காது. கடற்கரைச் சாலையில் யாரோ நிறுத்திவிட்டுப் போன வண்டியில் சாய்ந்து, தானே ஓட்டி வந்தது போல ஒரு பார்வை பார்த்துப் படம் எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம்.

அப்பாவின் படமும் அந்த ரகம் என்றுதான் அண்ணன் வகீஹ் சொல்லியிருந்தான். நான் கல்யாணமாகி வெளியூர் போனபின் எடுத்தது. முப்பது வருஷம் நம்பினேன். நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை. அப்பாவின் நெசவாலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் இலவசம்தான், ஆனால் நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்று சொல்லி, அறுபத்து நான்காம் வருஷம் என்னை நிறுத்திவிட்டார். வகுப்பில் முதல் மாணவி நான். டாக்டராகப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள். அப்பாவை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அரசாங்கத்தைத்தான் நாள் தவறாமல் திட்டினேன்.

இப்போது அண்ணன் மகனுக்குக் கல்யாணம். தாத்தா படத்தில் இருப்பது போல ஒரு பழைய காரை ஊர்வலத்துக்குப் பிடித்துக் கொடுத்தால் பிள்ளை மகிழ்வான் என்று நினைத்து, படத்தை மெக்கானிக் பயூமி உஸ்தாவிடம் கொண்டுபோனேன்.

அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "முன்னாடி நாலு விளக்கு. நஸ்ர் ஆயிரத்து முந்நூறு மாடல். நம்ம ஹெல்வான் ஃபேக்டரில செஞ்சது. உங்கப்பா வண்டியாக்கா?"

"எங்கப்பாவுக்கு ஏது வண்டி? எவனோ நிறுத்தி வச்சிருந்தான், இவர் சாஞ்சுக்கிட்டார்."

"ஓசியில சாயறவன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டா சாய்வான்? பாருங்க, சீட்டுக்கு உறை வேற. சீட்டு அழுக்காகக் கூடாதுன்னு உறை, உறை அழுக்காகக் கூடாதுன்னு அதுமேல பிளாஸ்டிக். நாமெல்லாம் அப்படித்தானே."

பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். பட்டைக் கோடு போட்ட துணி. மூலையில் கிழியாமலிருக்க முக்கோணமாக ஒரு ஒட்டு. அப்படி ஒட்டுப் போடுவது நான் மட்டும்தான். என் கல்யாணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, ஆலைக்கு வந்த புது மேனேஜரின் காருக்கு என்று அப்பா அந்தத் துணியைக் கொண்டுவந்தார். நாலு நாள் குனிந்த தலை நிமிராமல் தைத்தேன்.

"இந்த வண்டியை நினைச்ச உடனே வாங்கலாமா, உஸ்தா?"

"எங்கக்கா. பேரைப் பதிஞ்சுட்டு வாயைப் பொளந்துக்கிட்டு உட்காந்திருக்கணும். எங்க மாமாவுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

படத்தின் பின்னால் அண்ணன் கையெழுத்தில் அறுபத்தாறு என்று இருந்தது. அதிலிருந்து இரண்டைக் கழிக்க டாக்டர் படிப்பு தேவையில்லை. என் படிப்பை நிறுத்திய அதே வருஷம்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். தர்பூசணியும் வெள்ளைச் சீஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படத்தை அவன் முன்னால் வைத்தேன்.

"இந்தச் சீட்டு உறை நான் தைச்சது."

அவன் ஒரு விதையைத் துப்பினான்.

"அப்பாதான் உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார். நீ மனசு கஷ்டப்படுவியாம். நீ ஊருக்கு வர்றப்பல்லாம் வண்டியை வேற தெருவுல நிறுத்தச் சொன்னார்."

"என்னை மெஷின்ல உட்கார வச்சுட்டு, கார் வாங்கியிருக்கீங்க."

"கார் இல்லாம எந்த வீட்டுல போய்ப் பொண்ணு கேக்கறது? அதுவும் டாக்டருக்குப் படிக்கிற பொண்ணை. தினம் காலையில அந்தக் கார்லதான் அவளை மெடிக்கல் காலேஜ்ல கொண்டு விட்டேன். ஒருநாள் லேட்டாகல, தெரியுமா?"

பெருமையாகத்தான் சொன்னான். அவனை அறைய வேண்டும் போலிருந்தது. மண்ணுக்குள் இருக்கும் அப்பாவை அறைய முடியாது.

அண்ணி உள்ளேயிருந்து வந்தாள். நல்லவள், அதுதான் கொடுமை. என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்து, பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள்.

"இப்படி ஏறியிருக்கே, இன்ஷிராஹ். என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க படிச்ச படிப்பு யாரோடதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."