பெருக்கி வைத்த கரை

"வேலிக்கல்லைப் பிடுங்குங்க, மொதலாளி. இன்னைக்கே பிடுங்கணும்."

இதை மட்டும் கேட்காதே என்று அம்மா என் வாயைப் பொத்தாத குறையாகச் சொல்லியிருந்தாள். கைக்கு உறை கேள். கிழிந்த தார்ப்பாயை மாற்றச் சொல். குடிக்க நல்ல தண்ணீர் கேள். நிலத்தைப் பற்றி மட்டும் பேசாதே. நிலம் என்று வாயெடுத்தால் நாளைக்கு நம் முன்னால் ஒரு கூடை மீன்கூட வந்து விழாது.

நான் கேட்டுவிட்டேன். இருட்டு இன்னும் முழுதாகக் கலையவில்லை. என் கத்தி ஒரு சுறாவின் வயிற்றுக்குள் பிடிவரை போயிருந்தது.

மீன் களத்தில் எல்லாக் கத்தியும் நின்றது. கத்திகள் நின்றால்தான் அங்கே கடல் சத்தம் கேட்கும். மற்ற நேரமெல்லாம் செதில் சுரண்டும் சத்தமும், குடல் வாளியில் விழும் சத்தமும், பனிக்கட்டி உடைக்கும் கடப்பாரைச் சத்தமும்தான். கீறு, குடலை உருவு, கழுவு, பிளந்த சதையில் உப்பைத் திணி, காய்வதற்குத் தட்டியில் விரி. விரல் நடுவே வெட்டுப்பட்டிருக்கும். உப்புக்கு மீன் சதை எது, மனிதச் சதை எது என்று தெரியாது. எங்கள் களத்தில் எந்தப் பெண்ணின் கையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், தோல் உரிந்து புதுத்தோல் வர நேரமில்லாத கையாக இருக்கும்.

முதலாளி சிமெண்டு மேடையைவிட்டு இறங்கவில்லை. கீழே இறங்கினால் செருப்பில் இரத்தம் ஒட்டும்.

"யாரு பேசுறது? கத்தியா, காலேஜ் பட்டமா?" என்றார்.

"ரெண்டும் ஒரே கையிலதான் இருக்கு, மொதலாளி. பாத்து நில்லுங்க" என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை. அவளை ரேடியோ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தொடங்கினால் நிறுத்தும் பொத்தான் கிடையாது. பெண்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என் காலை அவள் காலால் மிதித்தாள்.

"வேலி நான் போட்டதா? மாவட்டத் திட்டத்துல இந்தக் கரை பொழுதுபோக்கு மண்டலம். ஓட்டல் வருது, படகுச் சவாரி வருது. படிச்சவதானே நீ? போய்ப் படி."

"படிச்சிட்டேன். பொழுதுபோக்குன்னு மேல எழுதியிருக்கு. அடியில, இப்போதைய பயன்பாடு: வெற்று நிலம்னு எழுதியிருக்கு. நாங்க இங்கதான நிக்கிறோம்?"

"நிக்கிறவங்க எல்லாரும் வரைபடத்துல வரமாட்டாங்க, பொண்ணு."

அவருக்கென்ன. ஓட்டல் வளாகத்துக்குள்ளேயே பனிக்கட்டி ஆலைக்கு இடம் வாங்கிவிட்டார். வேலி பாதிக் களத்தை விழுங்கிய நாளிலிருந்து, காயப்போட இடமில்லை என்று சொல்லி எங்கள் கூலியையும் பாதியாக்கினார். மீன் மட்டும் பாதியாகவில்லை.

அந்த வரைபடத்தை நான் மாவட்டத் திட்ட அலுவலகத்துச் சுவரில் பார்த்திருக்கிறேன். வயல் பச்சை, ஊர் செங்கல் நிறம், காடு கரும்பச்சை. எங்கள் கரை மட்டும் சீழ் நிறத்தில் இருந்தது. யாரோ எங்களை வேண்டுமென்றே அழித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அழித்தது நாங்களே.

எங்களைத் தவிர வேறு யாரும் அப்படி ஒரு தவறைச் செய்திருக்க மாட்டார்கள். நான் கல்லூரியில் கடைசித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. கரையை அளக்க வருகிறார்கள், பறக்கும் கேமராவால் மேலிருந்து படம் எடுப்பார்கள் என்று சேதி வந்திருக்கிறது. பேருந்தில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காரும் உலகம், முதன்முறையாக எங்களைப் பார்க்கத் தானாக வருகிறது. "வெளியாளு வர்றாங்க, இப்படி நாறிக்கிட்டா கிடக்கிறது?" என்று அம்மாதான் தொடங்கினாளாம். தட்டிகளைக் கழற்றி மரத்தடியில் அடுக்கினார்கள். வலைகளைச் சுருட்டினார்கள். படகுகளைக் கழிமுகத்துக்குள் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். கடல் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு ஊற்றிக் கழுவி, மணலைத் தலைவாரியதுபோலப் பெருக்கினார்கள். பெருக்கிய இடத்தில் கால்தடம் படக் கூடாது என்று எல்லாரும் மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்கள். அந்த இயந்திரம் தலைக்குமேல் ரீங்கரித்துக்கொண்டு போனபோது மரத்தடியிலிருந்தே கையாட்டினார்களாம்.

படத்தில் வெறும் மணல் விழுந்தது. அத்தனை சுத்தம்.

முதலாளி கைப்பேசியைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "இன்னைக்கே பிடுங்கணுமா? இன்னைக்கே மிச்சத்தையும் போட்டுடறேன்."

சுறாவை நான் உப்பிட்டு முடிப்பதற்குள் பொக்லைன் இயந்திரம் வந்துவிட்டது. பின்னாலேயே ஒரு லாரி. அதில் கல்தூண்கள், கல்தூண்களின் மேல் உட்கார்ந்து ஆட்கள், ஆட்களின் கையில் இரும்புக் கம்பிகள். வேலி போடும் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி முன்னால் குதித்தான். முதல் தட்டியைக் காலால் உதைத்தான். இரவு முழுக்கக் கடலில் கிடந்தவர்கள் பிடித்து, விடியலுக்கு முன் நாங்கள் கீறிய மீன் மணலில் சிதறியது. அடுத்த தட்டி. அதற்கடுத்தது. பிளந்த மீன்களின் மேல் பூட்ஸ் கால்கள் நடந்தன.

"மிதிக்காதீங்கடா, அது சோறுடா!" என்று கத்திய அத்தையை ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். ரேடியோ விழுந்த வேகத்திலேயே எழுந்தது. உப்புத் தண்ணீர் வாளியை அப்படியே அவன் முகத்தில் வீசினாள். கண்ணைப் பிடித்துக்கொண்டு அவன் ஊளையிட்டான். "எரியுதா? எங்க கை தெனமும் இப்படித்தாண்டா எரியுது!"

அதன் பிறகு எதுவும் வரிசையாக நினைவில் இல்லை. என் தோளில் ஒரு கம்பி இறங்கியது. எலும்பில் பட்டுக் காதுவரை அதிர்ந்தது. கம்பி பிடித்த கையை நான் கடித்தேன். அவன் என் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தபோதும் விடவில்லை. வாயில் இரத்தம், யாருடையது என்று தெரியாது. பக்கத்தில் ஒருத்தியின் உதடு கிழிந்து தொங்கியது. கத்திகள் எல்லார் இடுப்பிலும் இருந்தன. ஒருத்திகூட உருவவில்லை. உருவியிருந்தால் அன்று பிணம் விழுந்திருக்கும், அதற்கும் எங்களைத்தான் உள்ளே தள்ளியிருப்பார்கள்.

பொக்லைன் அதற்குள் குழி தோண்டிவிட்டது. கல்தூணைச் சங்கிலியில் கட்டித் தூக்கினார்கள். அப்போதுதான் அம்மாவைப் பார்த்தேன். நிலத்தைப் பற்றிப் பேசாதே என்று சொன்ன அம்மா, ஒரு வார்த்தையும் பேசாமல் குழிக்குள் இறங்கி, இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினான். "ஆள் இருக்காங்க, மேஸ்திரி."

"எறக்குடா. தானா ஏறுவா."

"அண்ணே, ஆள் இருக்காங்கண்ணே."

மேஸ்திரி தாவி ஏறி, ஓட்டுநரைத் தோளால் இடித்துத் தள்ளி, நெம்புகோலைத் தானே இழுத்தான். கல் ஊசலாடியபடி இறங்கியது. அம்மா இரண்டு கைகளாலும் அதைத் தள்ளினாள். குழியின் விளிம்பில் கல் மோதியது. இடையில் அவளுடைய வலது கை இருந்தது.

பனிக்கட்டி உடையும் சத்தம் எனக்குப் பழக்கம். ஏறக்குறைய அந்தச் சத்தம்தான் கேட்டது.

அம்மா கத்தவில்லை, நான்தான் கத்தினேன். ஓட்டுநர் மேஸ்திரியைக் கீழே உதைத்துவிட்டுக் கல்லைத் தூக்கினான். பிறகு சக்கரத்தில் சாய்ந்து வாந்தியெடுத்தான்.

முதலாளியின் லாரி மேடையோரம் நின்றது, விலையுயர்ந்த மீன் நிறைய ஏற்றி. முதலாளியிடம் மாதச் சம்பளம் வாங்கும் சுமைதூக்கிகள் இரண்டு பேர் அதன்மேல் நின்றிருந்தார்கள். எங்கள் சண்டைகளில் எப்போதும் கைகட்டி நிற்பவர்கள். மூத்தவரை மொட்டை என்று கூப்பிடுவோம். அந்த மொட்டை அண்ணன்தான் பக்கப் பலகையின் கொக்கியைத் தட்டினார். மீன் மொத்தமும் பளபளவென்று மணலில் சரிந்தது. காலியான இடத்தில் சாக்குகளை விரித்து அம்மாவைத் தூக்கிக் கிடத்தினார்கள்.

முதலாளி அப்போதுதான் மேடையைவிட்டு இறங்கினார். "டேய்! என் மீன்டா!"

"உங்க மீன் செத்துப்போச்சு, மொதலாளி. இவங்க இன்னும் சாகல" என்றார் மொட்டை அண்ணன். "வண்டிய எடுடா."

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரல் பிழைத்தது. வெளித் தாழ்வாரத்தில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், தலையில் கட்டு, முழங்கையில் கட்டு, உதட்டில் தையல். படகுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பொக்லைன் ஓட்டுநரும் வந்து, உள்ளே வரப் பயந்து வாசலில் நின்றான். "உள்ள வாடா, உன்னைக் கடிக்க மாட்டோம். கடிக்கிறவ அதோ அங்க உக்காந்திருக்கா" என்று அத்தை என்னைக் காட்டினாள். அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. தையல் போட்டிருந்தவள் மட்டும் உதட்டைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத, சனியனே" என்று அழுதாள்.

அம்மா கண் திறந்ததும் என்னைத்தான் கேட்டாள்.

"என்னடி கேட்ட அந்த ஆளுகிட்ட?"

"வேலியைப் பிடுங்கச் சொன்னேன்."

"கேக்காதேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன." நான் கேட்காமலிருந்தால் அவளுக்கு விரல் இருந்திருக்கும். அதை அவள் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"கேட்டதுதான் தப்பு. பிடுங்கிப் போட்டுட்டு, பிடுங்கிட்டோம்னு சொல்லியிருக்கணும்."

 எல்லாரும் சேர்ந்து பேசினார்கள். வேலி வந்ததிலிருந்து கழிமுகத்திலேயே கிடக்கும் படகுகளைக் கொண்டுவந்து வேலிக்குள்ளேயே ஏற்றுவது. தட்டிகளை வேலிக்கு அந்தப் பக்கமும் போடுவது. கல் எத்தனை இருந்தாலும் அத்தனையும் பிடுங்குவது. அதுவரை முதலாளியின் ஒரு மீனைக்கூட யாரும் கீறுவதில்லை, ஏற்றுவதில்லை. "எனக்கு மாசச் சம்பளம்" என்று மொட்டை அண்ணன் கொஞ்ச நேரம் தலையைத் தடவினார். பிறகு, "மீனைக் கொட்டினப்பவே அது போயிருச்சு. என்னையும் சேத்துக்குங்க" என்றார்.

மறுநாள் காலை, திட்ட அலுவலகத்தில் ஆட்சேபணை கேட்கும் கடைசி அமர்வு. நானும், ஆஸ்பத்திரியில் படுத்திருக்க மறுத்து எழுந்து வந்த அம்மாவும் உள்ளே போனோம். இருவருக்கு மேல் அனுமதியில்லை என்று கதவைச் சாத்தினார்கள். அதிகாரி இளைஞர், என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். பக்கத்து நாற்காலியில் முதலாளி.

அதிகாரி மேலிருந்து எடுத்த அந்தப் படத்தைத் திரையில் போட்டார். "நானும் மனுஷன்தாம்மா. நீங்களே பாருங்க. இதுல ஒரு படகு காட்டுங்க. ஒரு ஆள் காட்டுங்க."

அம்மா எழுந்து திரைக்கு அருகில் போனாள். வெகுநேரம் பார்த்தாள். "நான்தான் பெருக்கினேன். நீங்க வர்றீங்கன்னு."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. அதை நான் மறுக்க மாட்டேன். "அது பதிவுல வராதும்மா" என்றார் மெல்ல. "அடுத்த திட்டத் திருத்தம் வரும்போது மனு போடுங்க. அதுவரைக்கும் இதுதான் நிலம்."

"அதுவரைக்கும் நாங்க எங்க நிக்கிறது? மரத்தடியிலயா?" என்று கேட்டேன்.

முதலாளி தொண்டையைச் செருமினார். குரலில் சர்க்கரை. "பொண்ணு, நடந்தது நடந்துபோச்சு. அம்மா வைத்தியம் முழுக்க என் பொறுப்பு. பட்டம் வாங்கிட்டு நீ குடல் உருவணுமா? ஓட்டல்ல வரவேற்பு மேசைல உனக்கு ஒரு வேலை சொல்லியாச்சு. நம்ம பொண்ணுங்க நீ சொன்னா கேப்பாங்க. ஒத்துக்கிட்டோம்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

குளிரூட்டிய அறை. உப்பு இல்லாத வேலை. இந்த நாற்காலிக்காகத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் ஏந்தியபடி, அவள் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை எத்தனை பேருக்கு?"

"உனக்கு."

"நேத்து மேஸ்திரிக்கும் இப்படித்தான் ஒரு வேலை சொன்னீங்களா?"

முதலாளியின் சர்க்கரை கரைந்துவிட்டது. "திமிரு! இருக்கிற கையையும் ஒடிச்சுக்கப் போறீங்க."

"பாத்தீங்களா சார், இது உங்க பதிவுல வருமா?"

அதிகாரி மேசையைத் தட்டினார். "சண்டை வேண்டாம். உங்க கோரிக்கை என்னன்னு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்."

"கோரிக்கை நேத்தோட முடிஞ்சுபோச்சு, சார். இப்ப கேக்க வரல, சொல்லிட்டுப் போக வந்தோம். வேலிக்கல்லைப் பிடுங்கப் போறோம். படகை ஏத்தப் போறோம். மீனை விரிக்கப் போறோம். உங்க கேமராவை எப்ப வேணா அனுப்புங்க. இனிமே நாங்க நகர மாட்டோம்."

"தெரிஞ்சுதான் பேசுறீங்களா? அது குற்றம். வாசல்ல போலீஸ் வண்டி நிக்குது. தடியடி நடக்கும், பெண்களுக்கு அடிபடும்."

"அடி எங்களுக்குப் புதுசில்ல சார். எதுத்து நிக்கிறதுதான் புதுசு."

"உக்காரும்மா. பேசித் தீத்துக்கலாம். உக்காரு."

நான் ஏற்கெனவே எழுந்திருந்தேன். அம்மாவின் இடது கையைப் பிடித்து எழுப்பினேன். தோள் வலியில் கண் இருட்டியது. கதவைக் காலால் தள்ளினேன்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. போலீஸ்காரர்கள் தடிகளோடு வண்டியிலிருந்து இறங்கி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே சாலை நிறைய எங்கள் ஆட்கள். படகுக்காரர்கள், களத்துப் பெண்கள், பனிக்கட்டி உடைக்கும் கடப்பாரையைத் தோளில் சாய்த்த சுமைதூக்கிகள், யாரோடு நிற்பது என்று கேட்காமலே வந்து நின்ற பொக்லைன் ஓட்டுநர்.

அத்தை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "என்னடி சொன்னான் அந்த ஆபீசரு?"

"உக்காரச் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

நான் நிற்காமல் கரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன்.