வலப்பக்கத்துச் சுவர்

பாட்டு வாத்தியாரின் ஆம்ப்ளிஃபையரை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "மறுபடியும் புகைஞ்சிடுச்சாம்" என்றார் என் கணவர். "நேத்துதானே சரி பண்ணிக் குடுத்தே?"

மூடியைக் கழற்றினேன். உள்ளே போர்டில் ஒன்றையொன்று தொடவே கூடாத புள்ளிகள் இரண்டை ஈயம் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தது. நான் வைத்த ஈயம்தான். தொழில் பழகிய காலத்தில்கூட இப்படிச் சொதப்பியதில்லை.

"கண்ணு போச்சு உனக்கு. சொன்னா ஒத்துக்க மாட்டே. நானே ரிடையர் ஆயாச்சு, உனக்கென்ன தலையெழுத்து? சாயங்காலம் வாத்தியார் வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு. இனிமே ரிப்பேர் எடுக்கறதில்லேன்னு அவர்கிட்டயே சொல்லிடறேன். ஊருக்கே தெரிஞ்சிடும்."

குரலில் அக்கறைதான் இருந்தது. அதனால்தான் இன்னும் எரிந்தது. பிள்ளை பெற்ற கையோடு வந்து உட்கார்ந்த மேஜை இது. இதை மூடிவிட்டு நான் என்ன செய்வதாம், அவரோடு உட்கார்ந்து டிவி பார்ப்பதா?

ஓய்வு பெற்றதும் மனிதருக்கு வீட்டைச் சீர்திருத்தும் வெறி வந்திருந்தது. முதல் பலி என் அறை. தலைக்கு மேலே தொங்கிய பழைய டியூப்லைட்டைக் கழற்றி எறிந்தார். கை நீட்டி மடக்குகிற விளக்கு ஒன்றை வாங்கி வந்து இடப்பக்கச் சுவரில் திருகினார். வேலை மேஜைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்துதான் வரவேண்டுமாம், ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். விளக்கு என்னவோ அழகுதான். ஆனால் அன்றிலிருந்து போர்டெல்லாம் எனக்கு மசமசவென்றுதான் தெரிந்தது. கண்தான் போய்விட்டதென்று நானும் நம்பினேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவர் போனதும் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, ஒட்டியிருந்த ஈயத்தைப் பிரிக்கப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது மகள் உள்ளே வந்தாள்.

"அம்மா, என் சார்ஜரைப் பார்த்தியா?"

கேட்டுக்கொண்டே போன் டார்ச்சை அடித்து, என் வலப்பக்கம் கிடந்த ஒயர்க் குவியலைக் கிளறினாள். வெளிச்சம் போர்டின்மேல் சாய்ந்தது. சின்னச் சின்னப் புள்ளியெல்லாம் கடுகைக் கொட்டினாற்போல் தனித்தனியாகத் தெரிந்தது.

"அப்படியே நில்லுடி! அசையாதே!"

பயந்துபோய் நின்றாள். நான் என் கையைப் பார்த்தேன். எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கையால்தான். சின்ன வயதில் அடித்துப் பழக்கினார்கள். அயர்ன், ஸ்க்ரூடிரைவர், கத்தரி எல்லாம் இடது கைதான். அதை எவராலும் மாற்ற முடியவில்லை. இடப்பக்கம் விளக்கை வைத்தால் என் கை நிழல்தானே வேலைமேல் விழும்? அட கடவுளே, இது தெரியாமலா கண்ணை நொந்துகொண்டேன்!

சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ பீச்சாங்கைன்னு அப்பாவுக்குத் தெரியவே தெரியாதா?"

"சோறு போடற கையைத்தான் பார்த்திருக்காரு" என்றேன்.

விளக்கைக் கழற்றினேன். வலப்பக்கச் சுவர் ஓதம் பிடித்தது, தொட்டால் பூச்சு உதிரும். திருகாணி நிற்கிற மாதிரி இருந்தது தூண் வரும் இடம் ஒன்றுதான். அங்கே அவருடைய பணி ஓய்வு விழா போட்டோ தொங்கியது. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மிச்சம் இருந்ததை எனக்குத் தள்ளிவிட்டிருந்தார். இறக்கித் தரையில் வைத்தேன். டிரில் மெஷினை அழுத்தினேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்தார். "ஏய், என்ன பண்றே? அங்க என் போட்டோ இருந்துச்சே!"

"இருந்துச்சு."

"விளக்கு இடப்பக்கம்தாம்மா இருக்கணும்."

"அது உங்க கைக்கு. என் கை இதுங்க." ஸ்க்ரூடிரைவர் பிடித்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "கண்ணு போச்சு, கண்ணு போச்சுன்னு சொல்லி என்னையே நம்ப வெச்சுட்டீங்களே! இத்தனை வருஷத்துல ஒருநாள் வந்து நின்னு, இவ எப்படி வேலை செய்யறான்னு பார்த்திருக்கீங்களா?"

மகள் சந்தடியில்லாமல் நழுவினாள். விளக்கை மாட்டி, கடைசித் திருகாணியையும் முறுக்கி, அதன் கையை இழுத்துத் தாழ்த்தினேன். சொன்ன இடத்தில் நின்றது.

"வாத்தியார் இப்போ வந்துடுவாரே" என்றார் மெதுவாக.

"வரட்டும். உட்கார வைங்க. பத்து நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்லுங்க. ரிப்பேர் எடுக்கறதில்லே கிடுக்கறதில்லேன்னு ஏதாவது உளறினீங்க, அடுத்த ஓட்டை ஹால் போட்டோ இருக்கற இடத்துலதான்."

வாசல் மணி அடித்தது. அவர் நகரவில்லை. நான் இடது கையில் அயர்னை எடுத்து ஈயத்தின்மேல் வைத்தேன். உருகியது. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே பச்சைப் போர்டு ஒரு கோடாகத் தெரிந்தது. இரண்டாம் முறை மணி அடித்தது. என் கையையே பார்த்துக்கொண்டு, போட்டோவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"மணி அடிக்குதுங்க" என்றேன், நிமிராமல்.

புகை மெல்லிய நூலாக எழுந்து விளக்கைச் சுற்றிக்கொண்டு மேலே போயிற்று.