அறுபத்திரண்டும் நலம்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஹாரிகா. கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கு மூளை அறுவை செய்பவள், இணைப் பேராசிரியர். பேராசிரியர் ஆவதற்கு இன்னும் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரை பாக்கி. தலையில் நீர் கோத்த குழந்தைகளுக்கு மூளையிலிருந்து வயிற்றுக்கு மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிடுவோம். அது அடைத்துக்கொண்டால் பார்வை போகும், உயிரும் போகும். நான் குழாய் வைத்த அறுபத்திரண்டு குழந்தைகள் இரண்டு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதுதான் கட்டுரை. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்களே என்று, யாரையும் நேரில் வரவழைக்காமல் நானே போனில் கேட்டு முடித்தேன்.

"நல்லா இருக்குதுங்க." "உங்க புண்ணியத்துல ஒரு தொந்தரவும் இல்லீங்க." அறுபத்திரண்டு வீட்டிலும் இதே பதில்.

துறைத் தலைவர் குமாரசாமி சாருக்குத் தலைகால் புரியவில்லை. "ஒண்ணுகூடப் பழுதில்லீங்களா! அம்மணி, உடனே அனுப்பி உடுங்க."

அனுப்பக் கை வரவில்லை. எங்கே, யார் வைத்தாலும் பத்துக் குழாயில் மூன்று நான்கு அடைக்கும். என் கை மட்டும் என்ன தங்கமா? உட்கார்ந்தேன், எழுந்தேன், காபி வாங்கி வந்து குடிக்காமல் ஆற விட்டேன். நான் அவிநாசிக்காரி. எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? விருந்தில் சோறு வேகாவிட்டாலும் "நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவுவோம். பாடுபட்ட டாக்டரிடம் போய், உங்கள் வேலை சரியில்லை என்று எவர் சொல்வார்?

குறிப்பேட்டைப் புரட்டினேன். சூலூர், கனிஷ்கா, ஆறு வயது. அவள் அம்மா சொன்னது அப்படியே காதில் கேட்டது: "பாப்பா நல்லா இருக்குதுங்க. இப்பெல்லாம் டிவிகூடப் பாக்கறதில்லீங்க." சமத்துக் குழந்தை என்று சிரித்துவிட்டு 'நலம்' என்று எழுதியிருந்தேன்.

ஐயோ! ஆறு வயதுக் குழந்தை எதற்காக டிவி பார்ப்பதை விடும்?

காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். சிங்காநல்லூர் சிக்னலில் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பைக்கில் நின்றவர் திட்டினார், நானும் திட்டினேன்.

விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய வீடு. என்னைப் பார்த்ததும் கனிஷ்காவின் அம்மா பதறிப்போய், "வாங்க, வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா நாங்களே வந்திருப்பமுங்களே" என்று நாற்காலியைத் துடைத்தாள். குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். படியைக் காலால் துழாவி இறங்கினாள்.

"எத்தனை நாளா இப்படி?" கத்திவிட்டேன்.

"மூணு மாசமா மங்கலாத் தெரியுதுன்னு சொல்லுதுங்க. சொட்டு மருந்து ஊத்தினோமுங்க. அவ்வளவு பாடுபட்டுப் பண்ணி உட்டீங்க, உங்ககிட்டயே வந்து சரியில்லீன்னு நிக்கறதுக்குச் சங்கடமா இருந்துச்சுங்க."

"போன்லயாவது சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொன்னேனுங்களே, டிவி பாக்கறதில்லீன்னு. நீங்க சிரிச்சீங்க. டாக்டரே சிரிக்கறாங்க, ஒண்ணுமிருக்காதுன்னு உட்டுப்போட்டேனுங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே குழாயை மாற்றினேன். தலைக்குள் அழுத்தம் இறங்கியது, உயிருக்கு ஆபத்தில்லை. பார்வை திரும்புமா என்பதுதான் தெரியவில்லை. கட்டுரை கிடையாது என்று சாரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும். மற்ற அறுபத்தொரு குழந்தைகளையும் நேரில் கூட்டிவரச் சொல்லிவிட்டு, ஒரு நாளைக்குப் பத்து முறை வார்டுக்கு ஓடினேன்.

ஐந்தாம் நாள் காலை கனிஷ்காவின் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டினேன். "இது எத்தனை, கண்ணு?"

அவள் சிரித்தாள். பிறகு அம்மா இருந்த பக்கம் திரும்பி, மெல்லக் கேட்டாள்: "அம்மா, எத்தனைன்னு சொல்லோணும்?"

அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

"தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லு கண்ணு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

குழந்தை என் குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"தெரியலீங்க" என்றாள்.