கண்ணாடிக்குள் பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை ஆட்டும் எண்ணெய் மில் நடத்தும் நெடுஞ்செழியனுக்கு, சிலருக்குச் சளி பிடிக்கிற மாதிரி, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றம் வரும். சென்னையில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போவார். மூன்றாம் நாள் மில்லைத் தலைகீழாகப் புரட்டுவார். நீலத் தொப்பி வந்தது; இரண்டே மாதத்தில் ஆட்கள் அதில் மல்லாட்டை அள்ளிக் கொறித்தார்கள். ஆலோசனைப் பெட்டி வந்தது. அதில் இப்போது ஊதுபத்தி இருக்கிறது. காலைக் கூட்டம் வந்தது. கூட்டம் போய் அதற்காக வந்த டீ மட்டும் தங்கிவிட்டது.

போன ஆண்டு வந்தது பலகை. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் நீலப் பலகையில் மஞ்சள் பெயிண்டால் வரைந்து, அதனதன் இடத்தில் புதுக் கருவிகளை மாட்டினார்கள். எடுத்தவர் அங்கேயே திரும்ப மாட்ட வேண்டும். நெடுஞ்செழியன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் லூர்துசெல்வியைக் கூப்பிட்டார்.

"இந்த வாட்டியாவது நிலைக்கணும் லூர்து. அடுத்த வருஷம் இதே நாள் போட்டோவ வச்சிப் பாப்பேன். அப்படியே இருந்துதுன்னா விழுப்புரத்துல தொறக்கப்போற மில்லுக்கு நீதான் மேனேஜர். இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

லூர்துசெல்விக்கு வீடு விழுப்புரத்தில். பதினோரு ஆண்டாக விடிவதற்கு முன் பஸ் பிடிக்கிறாள். மகள் பிரின்சி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூட நாளில் ஒருமுறைகூட அவளுக்குச் சடை பின்னி விட்டதில்லை. மேனேஜர் நாற்காலியைப் பற்றி அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அவளுக்கு வேண்டியது அந்தச் சடைதான்.

முதல் வாரமே ஒரு ஸ்பேனர் காணாமல் போய், ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. லூர்துசெல்வி பயந்துபோய் அதைப் பிடுங்கிவந்து மாட்டினாள். மறுநாளே தச்சரைக் கூப்பிட்டுப் பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டினாள். மில்லில் வைத்தால் யாராவது நைசாகப் பேசி வாங்கிவிடுவார்கள் என்று, சாவியை வீட்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"எக்கா, பெல்ட்டு லூசாயிக்கினே இருக்குது. ஸ்பேனருக்கு நான் எங்க போறது?" என்று கேட்டாள் மெஷின் ஓட்டும் பூமாலை.

"பழசெல்லாம் சாக்குல கெடக்குது பாரு, அத வச்சிக்கோ. இதத் தொட்டேன்னா பேஜாராயிடும்."

பூமாலை சாக்கை இழுத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு கேட்கவே இல்லை. லூர்துசெல்வி தினமும் கண்ணாடியைத் துடைத்தாள். ஆயுத பூஜைக்குப் பொட்டைக்கூடக் கண்ணாடி மேலேயே வைக்கச் சொன்னாள்.

ஆண்டு முடிந்த அன்று நெடுஞ்செழியன் போட்டோவைக் கண்ணாடியோடு வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். "அச்சு அசல்!" என்றபோது அவர் கண் கலங்கிவிட்டது. அவர் கொண்டுவந்த மாற்றங்களில் முதல் பிறந்தநாள் கண்டது இது ஒன்றுதான். லூர்துசெல்வி மனசுக்குள் சடை பின்னத் தொடங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளே மெஷின் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றது.

"பெல்ட்டுதான். நானே டைட் பண்றேன்," என்று நெடுஞ்செழியன் உற்சாகமாகச் சட்டைக் கையை மடித்தார். "அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடும்மா."

"சாவி... விழுப்புரத்துல இருக்குது சார்."

"அப்ப இந்த ஒரு வருஷமா இதத் தொறக்கவே இல்லியா?"

லூர்துசெல்வி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அதற்குள் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. இருவரும் உள்ளே ஓடினார்கள். பூமாலை ஒரு துருப்பிடித்த ஸ்பேனரைத் துடைத்துச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். மெஷினுக்குப் பின்னால், லூர்துசெல்வி எட்டிப் பார்த்தே இராத சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் கரியால் வரைந்த உருவம். சாக்கில் கிடந்த பழைய கருவிகள் எல்லாம் அதனதன் இடத்தில் தொங்கின. ஒரே ஓர் ஆணி காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் 'தேவா எடுத்தான், மதியம் வரும்' என்று எழுதியிருந்தது.

"இத யாரும்மா செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். சாக்குல கைய வுட்டா திருப்புளி குத்துது. தேடியே பாதி நாளு பூடுது. அதான் ஆணி அடிச்சேன். எடுத்தவன் மாட்டலேன்னா அடுத்த வாட்டி அவனுக்கும் கெடைக்காதில்ல?"

நெடுஞ்செழியன் சுவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "லூர்து, ஜல்தியா தச்சரக் கூப்பிடு. இதுக்கும் கண்ணாடி போட்டுடலாம்!"

சரி சார் என்றால் போதும், விழுப்புரம் கைக்கு வந்துவிடும். லூர்துசெல்வி பூமாலையைப் பார்த்தாள்.

"வேணாம் சார்." பதினோரு ஆண்டில் அவரிடம் அவள் இப்படிச் சொன்னது இதுதான் முதல்முறை. "நான் பயந்துகினு பூட்டுனேன். ஒரு வருஷம் நிலைச்சி நின்னது இவளோடது. இதயும் பூட்டுனா மறுபடி சாக்கத்தான் தேடுவா. மேனேஜர் வேலய இவளுக்கே குடுங்க."

"ஐயோ எக்கா!" பூமாலை பதறிப்போனாள். "தெனம் விழுப்புரத்துக்கு யாரு பஸ் ஏறுவா?"

நெடுஞ்செழியன் கையிலிருந்த போட்டோவைக் கிழிக்கப் பார்த்தார். லேமினேஷன் செய்தது, கிழியவில்லை. சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

"சரி லூர்து, விழுப்புரத்துக்கு என்னென்ன வேணும்னு நீயே சொல்லு."

"ஆணி சார். அப்புறம் கொஞ்சம் அடுப்புக்கரி. கண்ணாடி வேணாம்."

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, விழுப்புரம் வீட்டில், லூர்துசெல்வி மகளை முன்னால் உட்கார வைத்துச் சீப்பை எடுத்தாள்.

"போம்மா, உனக்குப் பின்னவே தெரில," என்று சிணுங்கினாள் பிரின்சி. "ஒரு பக்கம் ஏறிக்கினு இருக்குது."

"ஒரே நாள்ல வந்துடுமாடி? நாளைக்கும் இங்கதான் இருப்பேன்," என்று சொல்லி, சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள்.