அடைக்கோழி உட்கார்ந்த அட்டைப்பெட்டி

ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதிய பாராட்டைப் படித்துத் தலையில் கை வைத்துக்கொண்டவள் உலகத்திலேயே நெரிடா மட்டும்தான் இருப்பாள்.

"அருமையான விளக்கு. வந்தப்ப கண்ணாடி ஒடஞ்சிருந்துச்சு, நானே ஒட்டிட்டேன். ஒரு கவலையும் இல்ல. நல்லா இருங்க!" என்று எங்கோ தூரத்தில் கன்னமல்லா என்கிற ஊர்ப் பக்கத்து ஆட்டுப் பண்ணையிலிருந்து மெர்வ் என்கிற மனிதர் எழுதியிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் செய்கிற கெடுதல் இருக்கிறதே, அதைக் கேட்க நாதியே கிடையாது.

நெரிடா டெவன்போர்ட்டில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் வைத்துப் பழைய மண்ணெண்ணெய் விளக்குகளைத் துடைத்து, திரி மாற்றி, ஆன்லைனில் விற்கிறாள். எல்லாம் கண்ணாடிச் சரக்கு. தாஸ்மேனியாத் தீவிலிருந்து கப்பலேறி ஜலசந்தியைத் தாண்டி, லாரி லாரியாக மாறித்தான் வாங்குகிறவர் கைக்குப் போக வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் அப்படி அனுப்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற வேலை.

அந்த இன்சூரன்ஸுக்குத்தான் இப்போது ஆபத்து. மெர்வ் வீட்டில் பெட்டியை இறக்கிய டிரைவர் தன் கருவியில் 'சேதம்' என்று ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயிருந்தான். இன்சூரன்ஸ்காரர்களிடமிருந்து தகவல் வந்துவிட்டது. பேக்கிங்கில் குறையில்லை என்று வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது நெரிடாவின் குறை என்றே கணக்கு. ஏற்கெனவே அவள் பேரில் அப்படி இரண்டு விழுந்திருந்தன. மூன்றாவதும் விழுந்தால் இனி அவளுடைய கண்ணாடிச் சரக்குக்கு இன்சூரன்ஸே கிடையாது.

முதலாவது அவள் தப்புதான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தேநீர்க் குடுவையை வெறும் செய்தித்தாளில் சுற்றி அனுப்பினாள், தூளாகிப் போனது. அதற்கப்புறம் பெட்டிக்குள் பெட்டி, நடுவில் காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஷீட் என்று மாறிவிட்டாள். இரண்டாவது முறை அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வாங்கிய அம்மாள் சுத்தக்காரி, குப்பை வண்டி வருகிற நாளில் பெட்டியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். பெட்டி இல்லை, சாட்சியும் இல்லை.

இன்றைக்கு வியாழன். அக்கா ரேலீன் வெங்காய ஷெட்டில் வேலை முடித்து நேராக இங்கே வந்து, மேலெல்லாம் வெங்காய வாடையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன்டி. திங்கக்கிழமையிலேர்ந்து வரலாம்னுட்டார்."

"நான் வரேன்னு எப்ப சொன்னேன்?"

"நீ எங்க சொன்ன? உன் மூஞ்சி சொல்லுது. விளக்கு வித்து மாளிகை கட்டப் போற மாதிரி போனியே, பாத்தோமே!"

நெரிடாவுக்குச் சுரீரென்றது. அந்த ஷெட்டில் பதினோரு வருஷம் குளிரில் நின்று வெங்காயம் பொறுக்கியவள் அவள். சத்தமும் தூசியும் ஏச்சும் வாங்கி, மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டு வெளியே வந்தவள். விளக்கு விற்ற இந்த இரண்டு வருஷத்தில்தான் காலையில் எழுந்திருக்கவே பிடித்தது. செத்தாலும் அங்கே திரும்பக் கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உடனே மெர்வுக்குப் போன் போட்டாள்.

"அட, நெரிடாவா! விளக்கு பிரமாதம்மா. நேத்து சாப்பாட்டு மேசையில ஏத்தி வச்சோம்" என்றார் மெர்வ்.

"மெர்வ், ஒடஞ்சு வந்துச்சுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இதுக்குப் போயி உங்களத் தொந்தரவு பண்றதா? ரெண்டே துண்டு. பசை போட்டேன், கப்புனு புடிச்சிக்கிச்சு. இங்க எங்களுக்கு டிராக்டர்லேர்ந்து பல்செட்டு வரைக்கும் நான்தான் ஒட்டறேன்."

"ஒட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தீங்களா?"

"ஒடஞ்சத எவனாவது போட்டோ எடுப்பானா?"

நெரிடா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சரி, பெட்டி? பெட்டியாவது இருக்கா? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"ச்சே ச்சே, அவ்ளோ நல்ல பெட்டிய யாராவது தூக்கிப் போடுவாங்களா! இருக்கு. ஆனா அதுல டாரிஸ் உக்காந்திருக்கா."

"யாரு, உங்க வீட்டம்மாவா?"

"நான் பெத்! டாரிஸ் கோழி!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கத்தியது.

மெர்வ் விழுந்து விழுந்து சிரித்தார். "அடை உக்காந்திருக்காம்மா. குஞ்சு பொரிக்க இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அந்தப் பெட்டிய விட்டு நகரவே மாட்டேங்கறா. பக்கவாட்டுல காத்துக்கு ஓட்டை போட்டு அனுப்பிருந்தீங்க பாருங்க, அது வழியா தலைய நீட்டி ஊர வேடிக்கை பாக்கறா."

"என்ன ஓட்டை?"

"என் கை நுழையற மாதிரி ஒண்ணு."

"மெர்வ், நான் ஓட்டையே போடல!"

நாற்காலியில் சாய்ந்திருந்த ரேலீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை நெரிடா இன்சூரன்ஸ் அலுவலகத்தைப் பிடித்தாள். விசாரிக்கிறவள் டானி என்று ஒருத்தி, மெல்போர்னில் இருந்தாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசினாள்.

"ஒட்டின பொருள வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. பெட்டிய எங்க ஆபீசுக்கு அனுப்பச் சொல்லுங்க."

"அனுப்ப முடியாதுங்க. அதுல கோழி உக்காந்திருக்கு."

மறுமுனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் பட்டென்று நின்றது.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள் நெரிடா.

"இருக்கேன். கோழின்னா... கோழியா?"

"கோழிதாங்க. அடைக்கோழி. வேணும்னா வீடியோவுல காட்டச் சொல்றேன், நீங்களே பாருங்க."

மதியம் மூன்று பேரும் வீடியோவில் கூடினார்கள். மெர்வ் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், பெத் பிடுங்கித் திருப்பி, எல்லாரும் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்தாள். கோழிக்கூட்டின் மூலையில் நெரிடா அனுப்பிய பெட்டி இருந்தது. அதன் ஓட்டை வழியாக ஒரு சிவப்புக் கொண்டை வெளியே வந்து, 'யார்ரா நீங்கள்லாம்?' என்பது போல முறைத்தது. டானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் வேலையில் கறார்க்காரி, உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"வெளியில ஓட்டை தெரியுது. ஆனா உள்ள பேக்கிங் எப்படி இருந்துச்சுன்னு தெரியணுமே. கோழிய எழுப்பி விடுங்க, மெர்வ்."

மெர்வின் முகம் வாடிவிட்டது. "இப்ப எழுப்பினா திரும்ப உக்கார மாட்டா. முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிடும்." கொஞ்ச நேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "பரவால்ல நெரிடா. உங்க பொழப்பாச்சே. நீங்க சொன்னா எழுப்பிடறேன்."

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. நெரிடாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நின்ற பெத் கவலையோடு கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்காகக் கண்ணாடியை ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தவர்கள் வீட்டுக் கோழியை எழுப்பித்தானா தன் பிழைப்பைக் காப்பாற்ற வேண்டும்?

"வேணாம் மெர்வ். அவ உக்காந்திருக்கட்டும். கைய மட்டும் அவளுக்கு அடியில மெதுவா விட்டு, என்ன இருக்குன்னு இழுத்துக் காட்ட முடியுமா?"

"கொத்துவா."

"கொத்தட்டும், நீங்க ஆம்பளதானே!" என்றாள் பெத். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது.

மெர்வ் கையை விட்டார். டாரிஸ் கொத்தினாள். மெர்வ் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனால் கை வெளியே வந்தபோது நான்கு மடிப்பாக மடித்த குமிழ் ஷீட் ஓரம் அதோடு வந்தது. இன்னொரு முறை கையை விட்டு வைக்கோலை ஒதுக்கிக் காட்டினார். உள்பெட்டியின் சுவர் தெரிந்தது. வெளிப்பெட்டியில் இருந்த ஓட்டைக்கு நேராக உள்பெட்டியிலும் அதே அளவு ஓட்டை.

"கிட்டக் கொண்டுவாங்க. அந்த ஓரம், அது எந்தப் பக்கம் மடங்கியிருக்கு?" டானியின் குரல் மாறிவிட்டது.

"உள்பக்கமா. ரெண்டு பெட்டியிலயும் உள்பக்கமாத்தான்" என்றார் மெர்வ்.

டானி திரையைப் படமெடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஏதோ தட்டினாள்.

"இது சுமை தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டியோட இரும்புக் கொம்பு பண்ணின வேலை. கிடங்குல எவனோ குத்திட்டு, பேசாம லாரியில ஏத்தியிருக்கான்" என்றாள் டானி. "நெரிடா, இந்தக் குத்துக்கு உள்ள இருந்த விளக்கு தூள் தூளாகியிருக்கணும். ரெண்டே துண்டோட போச்சுன்னா, அதுக்குக் காரணமே உங்க பேக்கிங்தான். உங்க மேல குறை இல்ல. கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் தொடரும். இன்னைக்கே எழுதிடறேன்."

மெர்வுக்கு இழப்பீடு வரும் என்றும் சொன்னாள். விளக்கைத் திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால் பணமே வேண்டாம் என்று மெர்வ் முறுக்கிக்கொண்டார். வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கோழியையும் என்று சொல்லி டானி போனை வைத்தாள்.

நெரிடா ஷெட்டின் நடுவில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பதினோரு வருஷம் ஒரு இடத்தில் நின்று வேலை செய்திருக்கிறாள், நீ செய்தது சரி என்று ஒரு ஜீவன் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டாள். பின்னணியில் வெங்காயம் உருளும் இயந்திரச் சத்தம் கேட்டது.

"ரேலீன், சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடு. திங்கக்கிழமை நான் வரல."

"ஜெயிச்சிட்டியா?"

"ஜெயிச்சிட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நக்கல் வரும். நெரிடா அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் வரவில்லை. ரேலீன் மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி கேட்டாள்.

"உன் ஷெட்டுல எனக்கும் ஒரு எடம் இருக்குமாடி?"

இத்தனை நாள் கேலி செய்தவள் இதைத்தான் மனசுக்குள் வைத்திருந்தாளா?

"டேப்ப சுருக்கமில்லாம ஒட்டத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு. வேலை முடிஞ்சதும் வா" என்றாள் நெரிடா.